கண்காட்சிக்குப் பன்றியைத் தயார் செய்ய: குளிப்பாட்டுவதைவிட நடக்கப் பழக்குவதுதான் பெரிய வேலை

தீவனம், தடுப்பூசி, குடற்புழு நீக்கம் எல்லாம் பன்றி வளர்க்கிற எவருக்கும் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை. விதிமுறைத் தாளை மட்டும் முதலில் படித்துவிடுங்கள். எடைப் பிரிவு, காது வில்லை, மருத்துவச் சான்று, முடி வெட்டலாமா, உடம்பில் எண்ணெய் தடவலாமா என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். எடையைக் கடைசி வாரத்தில் இழுத்துப் பிடிக்க முடியாது. நன்றாகத் தேறிய பன்றி நாளுக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை ஏறும், அதை வைத்து இரண்டு மாதம் முன்பே கணக்குப் போடுங்கள்.

இனி நடை. என்னைத் திணறடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். போட்டிக் களத்தில் நடுவர் முன்னால் பன்றியை நடத்திக் காட்ட வேண்டும், ஆனால் அதற்குக் கயிறு கிடையாது. கையில் ஒரு குச்சி, அவ்வளவுதான். அது தலையைக் குனிந்து மண்ணைக் கிண்ட ஆரம்பித்தால் நடுவர் கண்ணுக்கு முதுகு வளைவும் தெரியாது, நடையும் தெரியாது.

முதல் சில நாள் குச்சியே வேண்டாம். பட்டிக்குள் உட்கார்ந்து பிரஷ்ஷால் தேய்த்துக் கொடுங்கள், உங்கள் கை பழகட்டும். அப்புறம் காலைத் தீவனத்துக்கு முன்னால் வெளியே விடுங்கள். திரும்பி வந்தால் தொட்டியில் தீவனம் இருக்கும் என்று தெரிந்த பன்றி தானாகவே நடக்கும். ஐந்து நிமிடத்தில் தொடங்கி, வாரக்கணக்கில் மெதுவாகப் பதினைந்து இருபது நிமிடத்துக்குக் கொண்டு போங்கள். அது நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது, களைத்துப் படுத்த பிறகு அல்ல.

குச்சியை எங்கே வைப்பது? தோளுக்குப் பின்னால் விலாவில் லேசாகத் தட்டினால் முன்னே போகும். வலது தாடையோரம் தட்டினால் இடப்பக்கம் திரும்பும், இடது தாடை என்றால் வலப்பக்கம். தலை குனிந்தால் நிறுத்தாமல், நடையோடு நடையாகத் தாடைக்கு அடியில் மெல்லத் தூக்கிவிடுங்கள். முதுகிலும் பின்தொடையிலும் அடிக்கவே கூடாது. தடிப்பு விழும், நடுவரும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். நேர் பின்னால் நின்றால் அதற்கு உங்களைத் தெரியாது, தோளுக்குச் சற்றுப் பின்னால் பக்கவாட்டில் நில்லுங்கள். புல் தரையில் மட்டும் பழகிய பன்றிக்கு மரத்தூள் போட்ட களத்தைக் கண்டால் கிண்டத்தான் தோன்றும், அதையும் முன்பே காட்டிவிடுங்கள்.

குச்சியில் எனக்குப் பிடித்தது மெல்லிய பிரம்பு. பிளாஸ்டிக் குழாய் மலிவுதான், ஆனால் சத்தம் போடும், கையில் இருந்தால் ஓங்கத்தான் தோன்றும்.

குளிப்பாட்ட மிதமான சோப்பு போதும். காதுக்குள் தண்ணீர் போகாமல் மடக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், ஒருமுறை போய்விட்டால் அடுத்த தடவை வாளியைப் பார்த்தாலே ஓடும். வெள்ளைப் பன்றிக்கு வெயிலில் தோல் சிவந்து புண்ணாகும், நிழலில் வையுங்கள்.

கண்காட்சிக்குப் போன இடத்தில் பன்றி தண்ணீர் குடிக்காது, நிறையப் பேருக்கு இது நடக்கும். வாசனை மாறுவதுதான் காரணம். முடிந்தால் வீட்டுத் தண்ணீரைக் கேனில் கொண்டு போங்கள். இல்லையென்றால் ஒரு வாரம் முன்பிருந்தே தண்ணீரில் ஏதாவது இனிப்புச் சுவை கொஞ்சம் கலந்து பழக்கி, அங்கேயும் அதையே கலந்து கொடுங்கள். பன்றிக்கு வியர்வை அனேகமாகக் கிடையாது. வாயைத் திறந்து இளைத்தால் நடையை அப்படியே நிறுத்திவிட்டு நிழலில் கட்டாந்தரையில் விட்டு, வயிற்றையும் கால்களையும் நனையுங்கள். ஐஸ் தண்ணீரை மொத்தமாக மேலே கொட்டாதீர்கள்.

போட்டியன்று காலை அரை வயிறு தீவனம். களத்தில் உங்களுக்கும் நடுவருக்கும் நடுவில் பன்றி, நடுவரிடமிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி. மூலையில் கூட்டத்தோடு மாட்டிக்கொள்ளாமல் வெளியே திருப்புங்கள். பன்றியின் எடை, வயது, தீவனம் பற்றிக் கேட்பார்கள், தெரிந்து வைத்திருங்கள். இரண்டு பன்றிகள் சண்டை போட்டால் நடுவில் கையை விடாதீர்கள், தடுப்புப் பலகை வைத்திருப்பவர் வரட்டும்.

பின்சேர்க்கை: திரும்பி வந்ததும் நேராகப் பழைய பட்டியில் விடலாமா என்று கேட்டிருந்தார்கள். வேண்டாம். மூன்று நான்கு வாரமாவது தனியாக வைத்து, மற்றப் பன்றிகளுக்குப் போட்ட பிறகு கடைசியாக அதற்குத் தீவனம் போடுங்கள். அங்கே போட்டுப்போன செருப்பையும் பிரஷ்ஷையும் கழுவிக் கிருமிநாசினி போடாமல் மற்றப் பன்றிகளிடம் கொண்டுபோகக் கூடாது. உங்களுக்குக் காய்ச்சல், இருமல் இருந்தாலும் பட்டிப் பக்கம் போகாதீர்கள், ஃப்ளூ மனிதரிடமிருந்து பன்றிக்கும் தொற்றும்.