பழைய ஹாம் டிரான்ஸ்மிட்டரில் பேண்ட் சுவிட்ச் தேய்ந்திருக்கிறதா? கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும்

40 மீட்டர் பேண்டில் (அலைவரிசையில்) நன்றாகப் போகிற ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோ செட், 20 மீட்டருக்கு மாற்றியதும் பவர் பாதிகூடக் கொடுக்கவில்லை, நாபை லேசாக அழுத்தினால் மீட்டர் முள் எழும்பி, கையை எடுத்தால் விழுகிறது என்றால் வால்வு வாங்க ஓடாதீர்கள். முதலில் பேண்ட் சுவிட்சை, அதாவது அந்த நாபைத் திருப்பினால் பேண்டை மாற்றுகிற சுவிட்சைப் பாருங்கள்.

மூடியைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். 6146 என்ற பவர் வால்வு போட்ட செட்டில் பிளேட் வோல்டேஜ் (வால்வின் பிளேட் முனைக்குப் போகிற வோல்டேஜ்) 600, 750 வோல்ட் என்று இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது ஃபில்டர் கண்டன்சரில் தேங்கி நிற்கும். அதை வடிக்கிற பிளீடர் ரெசிஸ்டர் உள்ளேயே இருந்தாலும் இத்தனை வருடத்தில் உள்ளே அறுந்து ஓபன் ஆகியிருக்கலாம், நம்பாதீர்கள். ஐந்து நிமிடம் விட்டு, 10 கிலோ ஓம், 10 வாட் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டரின் ஒரு முனையை ஷேஸியில் (செட்டின் உலோகச் சட்டத்தில்) மாட்டி, மறுமுனையை இன்சுலேட் செய்த குச்சியில் கட்டி கண்டன்சரின் பாசிட்டிவில் சில நொடி வையுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றாக. அப்புறம் 1000 வோல்ட் தாங்கும் மல்டிமீட்டரில் பூஜ்யம் என்று பார்த்த பிறகே கை வைக்கலாம்.

அடுத்து போன் கேமராவில் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, டார்ச் அடித்து வேஃபர்களை, அதாவது சுவிட்சில் காண்டாக்டுகள் பொருத்திய வட்டத் தட்டுகளைப் பாருங்கள். ஒவ்வொரு காண்டாக்டும் இரண்டு மெல்லிய தகடு, நடுவில் சுழல்கிற பிளேடை இரண்டு பக்கமும் கவ்வ வேண்டும். வாய் திறந்து நிற்கிற தகடு, வெள்ளி முலாம் போய்ப் பித்தளை மஞ்சளாகத் தெரிகிற இடம், வேஃபரில் கரிக்கோடு: இவைதான் அடையாளம்.

இங்கேதான் புதியவர்கள் ஏமாறுவார்கள். பிளேட் காயிலோடு (வால்வின் பிளேட் பக்கம் உள்ள டியூனிங் சுருளோடு) சேர்ந்த வேஃபரில் மல்டிமீட்டர் வைத்தால், காண்டாக்ட் தொடவே தொடாவிட்டாலும் 'பீப்' என்று கத்தும், ஏனென்றால் காயிலின் செம்புக் கம்பிக்கு டி.சி.யில் எதிர்ப்பு கிட்டத்தட்ட இல்லை, மீட்டர் அந்த வழியாகப் போய்விடுகிறது. அதனால் அந்தக் காண்டாக்டுக்கு வருகிற ஒயரை சோல்டரிலிருந்து கழற்றிவிட்டு அளந்து பாருங்கள். மீட்டர் ஒயர்களை ஒன்றோடொன்று தொட்டால் வருகிற அளவுதான் வர வேண்டும். நாபை அசைக்கும்போது எண் தாவினால் அந்தக் காண்டாக்டுதான் பிரச்சினை.

சுத்தம் செய்ய ஸ்ப்ரேயை அப்படியே பீய்ச்சாதீர்கள், பழைய பேக்கலைட் வேஃபர் அதை உறிஞ்சிக்கொள்ளும். காண்டாக்ட் கிளீனரைப் பல்குச்சி முனையில் எடுத்து ஒரு சொட்டு வைத்து, நாபை இருபது முப்பது தடவை திருப்பி, கரைந்த அழுக்கைத் தடித்த காகிதத் துண்டால் ஒற்றி எடுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் தூசி காய்ந்த கிரீஸோடு சேர்ந்து இறுகியிருக்கும், அதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பிரஷ்ஷால் துடைத்த பிறகு கிளீனர் வையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், முலாம் போய்விடும். நம் ஊரில் பித்தளைக்குப் புளி போட்டுத் துலக்குவோம், அதுவும் இங்கே வேண்டாம், அமிலமும் ஈரமும் இடுக்கில் தங்கி அரிக்கும்.

தளர்ந்த தகட்டை, பிளேடு அந்த இடத்தில் இல்லாதபடி நாபைத் திருப்பிவிட்டு, ட்வீசரால் மயிரிழை அளவு நெருக்குங்கள். மறுபடி அளந்து பார்த்து, போதாவிட்டால் இன்னும் கொஞ்சம். ஒரேயடியாக வளைத்தால் ஒடிந்துவிடும், பழைய தகடு இரண்டாவது வாய்ப்புக் கொடுக்காது. வேஃபரில் கரிக்கோடு இருந்தால் ஷேவிங் பிளேடால் கரி போகும்வரை சுரண்டிவிட்டு எபாக்ஸி பூசுங்கள். கரி மின்சாரத்தைக் கடத்தும், மிச்சம் வைத்தால் திரும்பவும் பொறி பறக்கும்.

உடைந்தே போயிருந்தால், அதே மாடல் கழிசல் செட்டின் வேஃபர்தான் நல்லது. ஓசூரிலிருந்து, எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடைகள் உள்ள பெங்களூரு எஸ்.பி. ரோடு பக்கம்தான், ஆனால் சாதாரணப் பிளாஸ்டிக் ரோட்டரி சுவிட்சை வாங்கிவந்து பிளேட் காயிலில் போடாதீர்கள், அந்த வோல்டேஜ் தாங்காது.

கழற்றிய ஒயரைத் திரும்ப சோல்டர் செய்து, மூடியைப் போட்டு, 50 ஓம் டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் ரெசிஸ்டரில்) வால்வுக்குக் குறைந்த டிரைவ் கொடுத்து, டியூன் செய்யும்போது ஒவ்வொரு பேண்டிலும் பிளேட் கரன்ட் டிப், அதாவது மீட்டர் முள் இறங்கி ஏறுவது, வருகிறதா என்று பாருங்கள். பேண்ட் மாற்றும்போது (சிக்னல் அனுப்ப அழுத்துகிற) கீயிலிருந்து கையை எடுத்துவிட்டு மாற்றுங்கள், சிக்னல் ஓடும்போதே திருப்பியதால்தான் பெரும்பாலான காண்டாக்டுகள் கருகியிருக்கும்.