என்ஜின்எக்ஸை டெபியன் பொதியாக்குவோம்

என்ஜின்எக்ஸ் ஒரு வலைச் சேவையக மென்பொருள். டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலின் களஞ்சியத்தில் அது நிறுவத் தயாரான பொதியாக ஏற்கெனவே இருக்கிறது. பிறகு நாம் எதற்கு அதைப் பொதியாக்க வேண்டும்? பழகுவதற்குத்தான். எங்காவது சிக்கிக்கொண்டால் 'ஆப்ட் சோர்ஸ் என்ஜின்எக்ஸ்' என்று கொடுத்து, பராமரிப்பாளர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கலாம். இங்கே ஒலிபெயர்த்துத் தரும் கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டச்சு செய்யுங்கள்.

முதலில் மூலநிரலை இறக்கிக்கொள்ளுங்கள். சுருக்கக் கோப்பில் மென்பொருளின் பெயருக்கும் பதிப்பு எண்ணுக்கும் நடுவே சிறுகோடு இருக்கும். டெபியனுக்கு அங்கே அடிக்கோடு வேண்டும். எண்ணுக்குப் பின் '.ஆரிஜ்' என்றும் சேர்க்க வேண்டும். உள்ளே இருப்பதில் கை வைக்காதீர்கள். விரித்த மூலநிரலுக்குள் 'டெபியன்' என்றோர் அடைவை உருவாக்குங்கள். நம் வேலை முழுவதும் அதற்குள்தான்.

அடுத்து, அந்த அடைவில் சில கோப்புகள். 'கண்ட்ரோல்' கோப்பில் பொதியின் விவரமும், கட்டுவதற்குத் தேவையான பிசிஆர்இ2, இசட்லிப், ஓப்பன்எஸ்எஸ்எல் ஆகிய நிரல் நூலகங்களின் மேம்பாட்டுப் பொதிகளும் இடம்பெறும். 'காப்பிரைட்' கோப்பில் இரு விதி பிஎஸ்டி உரிமம். 'சேஞ்ச்லாக்' கோப்பைக் கையால் எழுதாமல் 'டிசிஎச்' கருவியிடம் விட்டுவிடுங்கள். அதில் இடைவெளிக்குக்கூடக் கணக்கு உண்டு.

இனி 'ரூல்ஸ்'. இது ஒரு மேக்ஃபைல், அதாவது கட்டும் படிகளை 'மேக்' கருவிக்குச் சொல்லும் கோப்பு. கட்டளை வரிகள் டேப் விசையில்தான் தொடங்க வேண்டும். பெரும்பாலான மென்பொருளுக்கு மூன்று நான்கு வரிகள் போதும், மீதியை 'டிஎச்' என்ற பொதியாக்க உதவிக் கருவி பார்த்துக்கொள்ளும். என்ஜின்எக்ஸ் அப்படி மசியாது. கட்டுவதற்கு முன் அமைவைத் தயார்செய்யும் அதன் 'கான்ஃபிகர்' நிரல், வழக்கமான ஆட்டோகான்ஃப் கருவி உருவாக்கியது அல்ல, கையால் எழுதப்பட்டது. டிஎச் வழக்கம்போல் '--இன்க்ளூட்டிர்' என்ற தேர்வைத் தரும். கான்ஃபிகரோ அது செல்லாது என்று சொல்லி நின்றுவிடும். ஆகவே 'ஓவர்ரைடு_டிஎச்_ஆட்டோ_கான்ஃபிகர்' என்ற இலக்கை எழுதி, கான்ஃபிகரை நாமே அழைக்க வேண்டும்.

அங்கே பாதைகளையும் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் எல்லாம் '/யுஎஸ்ஆர்/லோக்கல்/என்ஜின்எக்ஸ்' அடைவுக்குப் போய்விடும். லோக்கல் என்பது கணினி நிர்வாகியின் சொந்த இடம். பொதிகள் அதற்குள் நுழையக் கூடாது என்பது டெபியன் கொள்கை. அமைப்புக் கோப்பு '/இடிசி/என்ஜின்எக்ஸ்' அடைவிலும், பதிவுகள் '/வார்/லாக்/என்ஜின்எக்ஸ்' அடைவிலும் இருக்கட்டும். இயக்கும் பயனர் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா'. மூலநிரலில், சேவைகளைத் தொடக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்கான சேவைக் கோப்பு கிடையாது. நாமே எழுதி 'டெபியன்' அடைவில் வைத்தால் டிஎச் எடுத்துக்கொள்ளும்.

'டிபிகேஜி-பில்ட்பேக்கேஜ் -யுஎஸ் -யுசி' என்று கொடுத்தால் கையொப்பம் கேட்காமல் கட்டும். பொதி மேலடைவில் கிடைக்கும். அதைப் பொதிகளில் பிழை தேடும் 'லின்டியன்' கருவியிடம் காட்டுங்கள். முதல் தடவை புகார்ப் பட்டியல் நீளமாகத்தான் வரும், பயப்பட வேண்டாம்.

கடைசியாக, அழித்தாலும் கவலையில்லாத ஒரு மெய்நிகர் கணினியில் நிறுவி, உலாவியில் வரவேற்புப் பக்கம் வருகிறதா என்று பாருங்கள். பிறகு 'பர்ஜ்' செய்து, அதாவது அமைப்புக் கோப்புகளோடு சேர்த்துப் பொதியை நீக்கிப் பாருங்கள். அமைப்புக் கோப்புகள் போய்விடும். பதிவுக் கோப்புகள் மட்டும் அப்படியே கிடக்கும். அவற்றைத் துடைக்க, பொதியை நீக்கிய பின் ஓடும் 'போஸ்ட்ஆர்எம்' நிரலில் ஒரு வரி சேர்த்து, மறுபடியும் கட்டுங்கள்.