பழைய ஸ்விஃப்டுக்கு வீட்டிலேயே டர்போ: எண்ணெய் திரும்பும் வழியைப் பார்த்துத் தொடங்குங்கள்

டர்போ பொருத்தி ஸ்டார்ட் செய்த முதல் மாலை, என் கொட்டகையிலிருந்து கிளம்பிய நீலப் புகையைக் கண்டு, நகராட்சியிலிருந்து கொசுமருந்து அடிக்க வந்துவிட்டார்கள் என்றெண்ணிப் பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல்களைச் சாத்தினார். அதன் பிறகு அந்த டர்போவை மூன்று முறை கழற்றி மாட்டினேன். குற்றம் டர்போவில் இல்லை என்று தெரிய ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரத்தை நீங்களும் வீணாக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வண்டி 2006ஆம் ஆண்டு ஸ்விஃப்ட், 1298 சிசி பெட்ரோல் என்ஜின், நான்கு சிலிண்டர். டர்போ என்பது வெளியேறும் புகையால் சுழன்று, என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி; என்னுடையது காயலான் கடையில் கிடைத்த 1.3 டீசல் ஸ்விஃப்டின் கே.பி. 35 மாடல். கொடுக்கும் அழுத்தம் 0.4 பார் மட்டும். பம்பரைக் கழற்றுவது, கூலன்ட் வடிப்பது போன்றவற்றை விளக்கப் போவதில்லை. அவற்றைச் செய்து பழகாதவர்கள் முதலில் ஒரு கிளட்சாவது மாற்றிப் பழகிவிட்டு வாருங்கள்.

ஸ்பானரை எடுக்கும் முன்

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆவது பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து வேறுபடும் அளவுக்கு வண்டியை மாற்றக் கூடாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. காப்பீட்டு நிறுவனமும் கைவிரித்துவிடும். ஆகவே இந்த வண்டி பொதுச் சாலையில் ஓடுவதில்லை. மீட்பு லாரியில் ஏற்றிச் சென்னை அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டை பந்தய ஓடுதளத்துக்குக் கொண்டு சென்று ஓட்டி, அதே லாரியில் திரும்பக் கொண்டு வருகிறேன். தொப்பூர் கணவாயில் ஏற்றிப் பார்க்கலாம் என்ற ஆசை உள்ளவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது.

என்ஜின் தாங்குமா?

நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) அளவெடுங்கள். சிலிண்டர்களுக்கிடையே பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால், குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்விலோ கேஸ்கெட்டிலோ கசிவு. இரண்டில் எதுவானாலும் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். தேய்ந்த என்ஜினில் டர்போ வைப்பது ஓட்டைக் குடத்தில் வேகமாகத் தண்ணீர் ஊற்றுவதைப் போன்றது.

மேனிஃபோல்டு

நான்கு சிலிண்டரின் புகையையும் டர்போவுக்குக் கொண்டு சேர்க்கும் குழாய்த் தொகுப்பு இது. ஒன்றேகால் அங்குல ஷெட்யூல் 40 குழாய் எல்போக்களையும், ஹெட்டில் முறுக்குவதற்காக 12 மி.மீ. இரும்புத் தகட்டில் வெட்டிய ஃபிளான்ஜையும் கொண்டு இதைச் செய்தேன். ஓசூரில் இருப்பவர்களுக்கு இந்த வேலை எளிது; அங்குள்ள ஜாப் ஒர்க் பட்டறைகளில் பழைய கேஸ்கெட்டை மாதிரியாகக் கொடுத்தால் லேசரில் வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். வெல்டிங் செய்யும்போது ஃபிளான்ஜைப் பழைய சிலிண்டர் ஹெட் ஒன்றில் முறுக்கி வைத்து, முழுதும் ஆறிய பிறகே கழற்றுங்கள். சும்மா தரையில் வைத்துப் பற்றவைத்தால் தகடு வாழைப்பழம் போல வளையும். ஹெட்டில் முறுக்கியிருந்தும் சற்று வளையத்தான் செய்யும். கடைசியில் சர்ஃபேஸ் கிரைண்டரில் ஒரு முறை சமன்செய்துவிடுங்கள். விலை குறைந்த ஆயத்த ஸ்டீல் மேனிஃபோல்டுகள் பளபளப்பாக இருக்கும். அவற்றின் மெல்லிய குழாய் டர்போவின் எடையைத் தாங்கி நெடுநாள் நிற்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

டீசல் டர்போவுக்குப் பெட்ரோல் புகையின் வெப்பம் அதிகம் என்பதை மறக்க வேண்டாம். தண்ணீர் சுற்றும் நடுப்பகுதி கொண்ட பெட்ரோல் டர்போ கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காததால்தான் நான் 0.4 பாரில் நின்றுகொண்டேன். இந்தச் சிறிய டர்போவுக்கு 5500 சுற்றுக்கு மேல் எப்படியும் மூச்சு முட்டுகிறது.

எண்ணெய்: போகும் வழி, திரும்பும் வழி

போகும் வழி சிறியது. ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் துளையில் ஒரு டீ பொருத்தி, அங்கிருந்து மெல்லிய குழாயில் டர்போவுக்கு எண்ணெய் எடுத்தேன். இங்கே ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஜப்பானிய வழி என்ஜின்களில் அந்த மரை பெரும்பாலும் 1/8 பி.எஸ்.பி.டி.; கடையில் எளிதில் கையில் திணிக்கப்படுவது 1/8 என்.பி.டி. முன்னதில் அங்குலத்துக்கு 28 மரை, பின்னதில் 27. இரண்டு சுற்று சுலபமாக ஏறிவிடுவதால் சரியாகப் பொருந்திவிட்டது என்று தோன்றும், பிறகு கசியும். எண்ணெய்க் குழாயை இணைக்கும், நடுவில் துளையுள்ள பாஞ்சோ போல்ட்டின் செம்பு வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள், அல்லது பழையதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு மிருதுவாக்கிக்கொள்ளுங்கள்.

நான் சறுக்கியது திரும்பும் வழியில்தான். டர்போவுக்குப் போகும் எண்ணெயைத் தள்ள ஆயில் பம்ப் இருக்கிறது. திரும்பும் எண்ணெயோ தன் எடையால் மட்டுமே கீழே இறங்க வேண்டும். அதோடு, உள்ளே போன எண்ணெய் அதே எண்ணெயாக வெளியே வருவதில்லை. பின்னாளில் எண்ணெய் திரும்பும் டிரெயின் ஹோஸைக் கழற்றி ஒரு தண்ணீர் பாட்டிலில் விட்டு என்ஜினைச் சற்று ஓடவிட்டபோதுதான் இதைக் கண்ணால் பார்த்தேன். தேன்நிறத்தில் இறங்கும் என்று எதிர்பார்த்த எண்ணெய், ஆற்றிய டீயின் மேல்நுரை போலக் காற்றும் எண்ணெயும் கலந்து, குபுக் குபுக்கென்று இறங்கியது. எண்ணெய் கொஞ்சம், நுரையால் அது அடைத்துக்கொள்ளும் இடமோ அதிகம். இதனால்தான் மெல்லிய குழாயில் போகும் எண்ணெய்க்குத் திரும்ப அகலமான குழாய் வேண்டியிருக்கிறது. உள்விட்டம் 12 மி.மீ.க்குக் கீழே போகவே கூடாது. நான் இப்போது போட்டிருப்பது 19 மி.மீ. டிரெயின் வாய் செங்குத்திலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது. ஹோஸ் வழியில் எங்கும் தாழ்ந்து மறுபடி மேலேறக் கூடாது.

நான் செய்த தவறு சம்ப்பில், அதாவது என்ஜினின் அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டியில். ஆயில் சம்ப்பைக் கழற்றி, துளையிட வசதியான தட்டையான இடம் பார்த்துத் துளையிட்டு, திரும்பும் குழாய்க்கான வாயை அங்கே வெல்டிங் செய்துவிட்டேன். அந்த இடம் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே இருந்தது. நுரை எண்ணெய் சம்ப்பில் நிற்கும் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு நுழைய முடியாமல் ஹோஸிலேயே தேங்கி, டர்போவின் நடுப்பகுதி நிறைந்து, இரண்டு பக்கமும் வழிந்தது. டர்போவின் சீல் என்பது ரப்பர் சீல் அல்ல. பிஸ்டன் ரிங் போன்ற ஒரு சிறு இரும்பு வளையம். மேலே எண்ணெய் தேங்கி நிற்காத வரைதான் அது காக்கும். நான் இதை அறியாமல் சீல் போய்விட்டது என்று முடிவுகட்டி, டர்போ பழுதுபார்க்கும் பட்டறைக்கு இரண்டு முறை எடுத்துச் சென்றேன். இரண்டாம் முறை அங்கிருந்த பெரியவர் ஷாஃப்டை விரலால் ஆட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணும் இல்ல தம்பி. எண்ணெய் எப்படித் திரும்பிப் போகுதுன்னு பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லை என்பதைச் சொல்லச் சங்கடமாக இருந்தது.

மட்டம் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். வீடு கட்டும் கொத்தனாரிடம் கற்றது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எண்ணெயை வடிக்கும் போல்ட்டின் இடத்தில் ஒரு நிப்பிளைப் பொருத்தி, அதில் கண்ணாடி போன்ற டியூப்பைச் செருகி, மறுமுனையைச் சம்ப்பின் ஓரமாக மேலே தூக்கிக் கட்டுங்கள். பிறகு டிப் ஸ்டிக்கின் மேல் குறி வரை எண்ணெய் ஊற்றுங்கள். டியூப்பில் எண்ணெய் எங்கே நிற்கிறதோ அதுவே சம்ப்புக்குள்ளும் மட்டம். அங்கே ஒரு கோடு கிழித்து, அதற்கு இரண்டு விரற்கடை மேலே துளையிடுங்கள். கிராங்க் சுழன்று எண்ணெயை வீசியடிக்கும் பக்கத்தை நோக்கித் துளை திறக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹோஸ் எண்ணெய்க்கென்றே தயாரித்ததாக இருக்கட்டும். ரேடியேட்டர் ஹோஸ் சில வாரத்தில் உள்ளே ஊதி, வழியை அடைத்துவிடும்.

புகை பாதிதான் குறைந்தது

சம்ப்பைத் திருத்திய பிறகும், அழுத்தம் ஏறும்போது புகை வந்தது. ஒரு முறை டிப் ஸ்டிக் தானாக எழும்பி பானட்டின் அடியில் முட்டியது. அதுதான் துப்பு. என்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸில் சேரும் புகையை வெளியேற்றும் பி.சி.வி. வால்வு, காற்று உள்ளே போகும் இன்டேக் மேனிஃபோல்டோடு இணைந்திருக்கிறது. சாதாரண என்ஜினில் அங்கே எப்போதும் உறிஞ்சல்தான்; டர்போ வந்தபின் அங்கே அழுத்தம் வரும். பழைய வால்வு சரியாக மூடாவிட்டால் அந்த அழுத்தம் கிராங்க்கேஸுக்குள் புகுந்து, திரும்பும் எண்ணெயை எதிர்த்துத் தள்ளும். பிரேக் பூஸ்டருக்கான ஒருவழி வால்வு ஒன்றை இடையில் போட்டு, வால்வு கவரிலிருந்து வரும் காற்றை ஓர் எண்ணெய் பிடிக்கும் டப்பா வழியாக டர்போவின் உறிஞ்சு வாயில் சேர்த்ததும் புகை முற்றாக நின்றது. சோதித்துப் பார்க்க, ஓடும் என்ஜினின் எண்ணெய் ஊற்றும் வாயில் ரப்பர் கையுறையை மாட்டுங்கள். விறைத்து எழுந்தால் உள்ளே அழுத்தம் நிற்கிறது என்று பொருள்.

காற்றுக் குழாய்கள்

டர்போவில் சூடான காற்றை ஆற்றும் இன்டர்கூலர், டீசல் வண்டியுடையதே போதும். எல்லாவற்றையும் மாட்டியபின் டர்போவின் உறிஞ்சு வாயை அடைத்து, அரை பார் காற்றேற்றிச் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பாருங்கள். அழுத்தம் எல்லையை எட்டியதும் புகையை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடுவது வேஸ்ட்கேட்; அதன் ஆக்சுவேட்டருக்குப் போகும் சிறு ஹோஸ் கம்ப்ரஸர் வாயிலிருந்து நேராக வர வேண்டும். அதில் மீட்டருக்கும் மற்றதற்கும் கிளை எடுக்காதீர்கள். அது கழன்றால் டர்போவைக் கட்டுப்படுத்த எதுவும் இல்லை. ஆக்சிலரேட்டரை விடும்போது விசில் அடிக்கும் வால்வு இந்த அழுத்தத்துக்கு அழகுப் பொருள் மட்டுமே.

எரிபொருளும் ஈ.சி.யு.வும்

ரெசிஸ்டரை இடையில் போட்டு, என்ஜினை இயக்கும் கணினியான பழைய ஈ.சி.யு.வை ஏமாற்றும் வித்தைகளை நான் அறவே ஆதரிப்பதில்லை. அதற்குப் பதிலாகத் திறந்த மூலத் திட்டமான ஸ்பீடுவினோ பலகையையும், டியூனர் ஸ்டுடியோ மென்பொருளையும், காற்று-பெட்ரோல் விகிதத்தைப் புகையிலிருந்து அளக்கும் பாஷ் எல்.எஸ்.யு. 4.9 வைடுபேண்ட் சென்சாரையும் பயன்படுத்தினேன். காசு குறைவாக இருந்தால் இன்டர்கூலரைத் தள்ளிப்போடுங்கள், வைடுபேண்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் அளவைக் கணக்கிடுவது எளிது. 120 குதிரைத்திறன் இலக்கென்றால், ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 270 கிராம் பெட்ரோல் என்று வைத்து நான்கால் வகுத்தால், இன்ஜெக்டர் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 135 கிராம், அதாவது சுமார் 182 மி.லி. எண்பது சதவீதத்துக்கு மேல் அதைத் திறந்து வைக்கக் கூடாது என்பதால் 228 ஆகிறது. இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கு எட்டு சதவீதம் கூட்டினால் ஏறத்தாழ 250 மி.லி. இதே காரணத்தால் காற்றுக்கும் பெட்ரோலுக்குமான 14.7 என்ற பழைய விகிதத்தை மனப்பாடமாக வைத்துக்கொள்ளாமல் லாம்ப்டாவில் (சரியான கலவைக்கு 1; அதற்குக் கீழே பெட்ரோல் கூடுதல்) பாருங்கள்: சீராக ஓடும்போது 1, அழுத்தத்தில் 0.8. பிளக் தீப்பொறி விடும் நேரத்தை ஒவ்வொரு 0.1 பாருக்கும் ஒன்றரை டிகிரி பின்தள்ளித் தொடங்கலாம். பிளக் வெப்ப வரிசையில் ஒரு படி குளிர்ந்ததாக, இடைவெளி 0.7 மி.மீ. ஆக இருக்கட்டும். என்.ஜி.கே.யில் எண் கூடினால் குளிர்ச்சி, பாஷில் எண் குறைந்தால் குளிர்ச்சி. கடைக்காரர் மாற்றித் தர வாய்ப்புண்டு.

அழுத்தம் மீறினால் எரிபொருளை நிறுத்தும் எல்லையையும் வையுங்கள். இதில் எனக்கு ஒரு வேடிக்கை நடந்தது. நான் டியூன் செய்யும் கிருஷ்ணகிரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் 95 கிலோபாஸ்கல். அதோடு டர்போவின் 0.4 பார், அதாவது 40 சேர்ந்து 135 ஆவதால், எல்லையை 140இல் வைத்தேன். இருங்காட்டுக்கோட்டையில் காற்றழுத்தமே 101. டர்போ தன் 40ஐ மட்டுமே கொடுத்தும், 141இல் என்ஜின் அணைந்து அணைந்து எரிந்தது. அரைநாள் வயரிங்கைத் தடவிக்கொண்டிருந்தேன். இப்போது எல்லை 150. ஓசூரில் டியூன் செய்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 900 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 91தான்.

முதல் ஸ்டார்ட்

இன்ஜெக்டர் வயர்களைக் கழற்றிவிட்டு, டர்போவின் டிரெயினில் எண்ணெய் வரும் வரை செல்ஃப் அடியுங்கள். பிறகே இணையுங்கள். முதல் நாள் அழுத்தம் ஏற்ற வேண்டாம். கசிவு பார்ப்பதோடு நிறுத்துங்கள்.

பின்னர் சேர்த்தவை

இதைப் படித்துவிட்டுப் பர்கூர் பக்கத்திலிருந்து ஒருவர், எண்ணெய் வழி எல்லாம் சரியாக இருந்தும் இன்டேக் குழாயில் எண்ணெய் ஈரம் இருப்பதாக எழுதியிருந்தார். அவர் வீடு கிரானைட் குவாரிச் சாலையில் இருக்கிறது. ஏர் ஃபில்டர் வெள்ளைத் தூளால் அடைபட்டு, கம்ப்ரஸருக்கு முன்னால் உறிஞ்சல் மிகுந்து, எண்ணெயைச் சீல் வழியாக இழுத்திருக்கிறது. ஃபில்டர் மாற்றியதும் ஈரம் நின்றது. இதை நான் எழுத மறந்துவிட்டேன்.

இன்னொருவருக்குப் பழைய பெட்ரோல் ஹோஸ் வெடிப்பு விட்டிருக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்ற, ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸை மட்டும் போடுங்கள். மிச்சப் பெட்ரோலை டாங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் குழாய் என்ஜின் வரை இல்லாத வண்டியாக இருந்தால், 3 பார் பம்ப் அழுத்தத்திலிருந்து டர்போவின் 0.4 பார் கழிந்து இன்ஜெக்டர் ஏழு சதவீதம் குறைவாகவே பீய்ச்சும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.