கோடைக்காய் பறிப்பில் கோட்டை விடும் இடங்கள்

சம்பா அறுப்பு முடிந்து, மேட்டூர் அணை மூடி, வாய்க்கால் வற்றிய பிறகுதான் டெல்டாவில் பலருக்கு வீட்டுத்தோட்டத்தின் பக்கம் திரும்ப நேரம் கிடைக்கிறது. தை கடைசியிலோ மாசியிலோ மேட்டுப்பாத்தியில் விதை ஊன்றினால் பங்குனி, சித்திரையில் காய் வந்துவிடும். செடி வளர்ப்பதைச் சொல்லித்தர ஆயிரம் பேர் உண்டு. பறிப்பதில் சொல்ல என்ன இருக்கிறது என்று விட்டுவிடுகிறோம். கோடை விளைச்சலில் கணிசமான பங்கு வீணாவது அங்கேதான்.

முதல் தவறு, பெரிய தவறு: "இன்னும் ரெண்டு நாள் கிடக்கட்டும், பெருசாகட்டும்." மழைக்காலத்தில் இந்த ரெண்டு நாள் பெரிதாகக் கெடுக்காது. சித்திரை வெயிலில் கெடுத்துவிடும். வெண்டை பூத்து நான்கிலிருந்து ஆறு நாளில் பறிக்கும் பருவம் வந்துவிடுகிறது. ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாள் செடியைப் பார்த்தே ஆக வேண்டும். நுனியை ஒடித்தால் 'டக்'கென்று முறிய வேண்டும். வளைந்து நாரோடு தொங்கினால் முற்றிவிட்டது. முற்றிய காய் ஒன்று வீணாவது பெரிய நட்டமில்லை. உள்ளே விதை முற்ற முற்ற, புதுப் பூ விடுவதைச் செடி குறைத்துக்கொள்ளும், அதுதான் நட்டம். அதனால் சமையலுக்கு ஆகாத காயையும் வெட்டித்தான் ஆக வேண்டும். சித்திரை, வைகாசி முகூர்த்த மாதம் வேறு. கல்யாணத்துக்கு நாலு நாள் ஊருக்குப் போகிறவர்கள், "பறிச்சு நீங்களே வச்சுக்குங்க" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டுப் போவது புத்திசாலித்தனம். கொத்தவரைக்கும் தட்டைப்பயற்றுக் காய்க்கும் இதே கதைதான்.

கத்தரிக்காய் முத்தினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகணும் என்பார்கள். வீட்டுத்தோட்டத்தில் அது மாட்டுத்தொட்டிக்குத்தான் போகும். கத்தரியில் அளவைப் பார்க்காதீர்கள், பளபளப்பைப் பாருங்கள். தோல் மின்னும்போது பறித்தால் குழம்பில் வெண்ணெய். மங்கிவிட்டால் உள்ளே விதை இறுகத் தொடங்கிவிட்டது. கட்டைவிரலால் லேசாக அழுத்துங்கள்: பள்ளம் மெல்லத் திரும்பி எழும்பினால் சரி, அப்படியே நின்றால் நாள் கடந்துவிட்டது. துளை விழுந்த காயைச் செடியிலேயே விட்டுவிடுவது இன்னொரு வழக்கம். உள்ளே இருக்கும் புழு வெளியே வந்து, கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாகித் திரும்பவும் அதே பாத்தியில்தான் முட்டை வைக்கும். புழுக்காயையும் நல்ல காயோடு சேர்த்தே பறித்து, தனியாக எடுத்து அழித்துவிடுங்கள். வெட்டிச் செடியடியில் போடுவதில் பிரயோசனமில்லை.

கொடிக்காய்களில் கவனம் வேறு மாதிரி. சுரைக்காய், பீர்க்கங்காய், வெள்ளரி மூன்றையும் நறுக்கும்போது ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறியுங்கள். வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் அந்தக் கசப்பைக் கூட்டும், வேகவைத்தாலும் போகாது. 'நம்ம வீட்டுக் காய்தானே' என்று கசந்த சுரைக்காயைச் சாறு பிழிந்து குடிப்பது நிஜமாகவே ஆபத்து. கடும் வாந்தி, வயிற்றில் ரத்தக்கசிவு வரை போகும். புடலையும் கசந்தால் இதே கதைதான், எறியுங்கள். புடலம்பிஞ்சின் நுனியில் சின்னக் கல்லைக் கட்டி நீளமாக இறங்க விடுவது பழைய பழக்கம். அது முற்றிப் பழுக்கும்வரை தொங்கட்டும் என்று மட்டும் விடாதீர்கள்.

அப்புறம், கையால் பிடுங்குவது. தரையில் நட்ட செடியில் இது ஓரளவு தாங்கும். மேட்டுப்பாத்தியில் மண் பொலபொலவென்று இருக்கும்; தொழுவுரமும் நார்க்கழிவும் கலந்த மண்ணில் வேர் இறுகப் பிடிப்பதில்லை. மிளகாய்ச் செடியில் ஒரு காயை வெடுக்கென்று இழுத்தால் செடியே ஆடும், நுண்வேர் அறுந்து மறுநாள் வாடி நிற்கும். இடது கையால் கிளையைத் தாங்கி, வலது கையால் கத்தரிக்கோலை வைத்துக் காம்போடு வெட்டுங்கள். கத்தரிக்காயைப் பச்சைத் தொப்பியோடும், பூசணியை இரண்டு விரல் நீளக் காம்போடும் எடுத்தால்தான் நாள்பட இருக்கும். வெண்டையின் சுணை கையை அரிக்கும் என்பவர்கள் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டால் போதும்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் எளிதில் ஏமாறுகிறோம். மேட்டுப்பாத்தி ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு ஏற்றது; வேரில் நீர் தேங்காமல் வடியும். அதே குணம்தான் பங்குனியில் எதிரியாகிறது. காற்று நாலு பக்கமும் மண்ணின் ஈரத்தை உறிஞ்சும். நம் வண்டல் களிமண்ணைக் கலவை செய்யாமல் அப்படியே நிரப்பியிருந்தால் வெடிப்பு விட்டுக்கொள்ளும், ஊற்றுகிற தண்ணீர் அந்த வெடிப்பு வழியே கீழே ஓடிப்போகும். இரண்டு நாள் மறந்துவிட்டு மூன்றாம் நாள் குடம் குடமாக ஊற்றினால் தக்காளி வெடிக்கும். தக்காளியின் அடிப்பக்கம் கறுத்து அமுங்குவதும் பெரும்பாலும் இந்த ஏற்ற இறக்கத்தால்தான். சுண்ணாம்புச்சத்து காய்க்குப் போய்ச் சேராததன் அடையாளம் அது. நோய் என்று நினைத்து மருந்தடிக்கிறார்கள், ஒரு பலனும் இல்லை. தினமும் சிறிது சிறிதாக ஊற்றி, மேலே மூடாக்குப் போடுங்கள். அறுப்பு முடிந்த வைக்கோலுக்கு டெல்டாவில் பஞ்சமா என்ன? தண்டைத் தொடாமல் நாலு விரல் தள்ளிப் பரப்பி, கரையான் ஏறுகிறதா என்று அவ்வப்போது கிளறிப் பாருங்கள். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டிய இடத்தில் பாத்தியின் மேலே உப்பு வெள்ளையாகப் பூத்துக்கொள்ளும். அந்த உப்பால் இலை ஓரம் தீய்ந்தால் உரம் போதவில்லை என்று மேலும் போட்டுவிடாதீர்கள்.

செடியிலேயே தக்காளி சிவக்கட்டும் என்று காத்திருப்பதும் இந்தப் பருவத்துக்கு ஆகாது. முப்பது டிகிரிக்கு மேல் வெயில் நிலைத்தால் சிவப்பு நிறம் சரியாக ஏறாது. மஞ்சளும் ஆரஞ்சுமாக நின்று, ஒரு பக்கம் வெந்து, மிச்சத்தை அணிலும் கிளியும் பார்த்துக்கொள்ளும். அடியில் லேசாக நிறம் கண்டதும் பறித்து, வீட்டுக்குள் நிழலில் ஒற்றை அடுக்காகப் பரப்பினால் நன்றாகவே பழுக்கும். பழுக்கும் முன்னால் ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டாம். கத்தரியும் வெள்ளரியும்கூட அதிகக் குளிருக்குப் பகை. கத்தரித் தோலில் குழி விழுந்து விதை பழுப்பாகும்.

பறிக்கிற நேரம் விடியற்காலை, அவ்வளவுதான். பத்து மணிக்கு வெட்டிய வெண்டை சூட்டைச் சுமந்துகொண்டே கூடைக்குள் வரும், மாலைக்குள் துவண்டுவிடும். கழுவாமல், ஈரத்துணி போர்த்தி நிழலில் வையுங்கள். மருந்து தெளித்திருந்தால் புட்டியில் எழுதியிருக்கும் காத்திருப்பு நாள் முடியாமல் கை வைக்காதீர்கள்.

கடைசியாக, ஓய்ந்த செடியைப் பிடுங்க மனம் வராமல் வைத்திருப்பது. இலை நரம்பெல்லாம் மஞ்சளாகிவிட்ட வெண்டை தேறாது. வெள்ளை ஈ அங்கிருந்து பக்கத்துச் செடிக்கு அந்தத் தேமல் நோயைக் கொண்டுபோகும். கண்டதும் பிடுங்குங்கள். மற்றவையும் வைகாசி முடிவதற்குள் வெளியேறினால்தான் ஆடிப்பட்டத்துக்குப் பாத்தியைக் கொத்தி எருவிட நேரம் இருக்கும். விதைக்கென்று காய் விடுவதானால் முதல் சில பறிப்பிலேயே தேமல் இல்லாத, நன்றாகக் காய்க்கிற செடியில் ஒன்றிரண்டு காய்க்கு நூல் கட்டி அடையாளம் வையுங்கள். நாட்டு விதையானால் மட்டும். கலப்பின விதையில் எடுத்தால் அடுத்த தலைமுறை தாய்ச்செடி மாதிரி வராது.