சதையிப் புற்றுநோயின் நிலையை ஸ்கேன் படங்கள் மூலம் அறிவது எப்படி?

வலியில்லாத செங்கமாரி, உடல் அரிப்பு, காரணமில்லாத மெலிவு ஆகியவற்றோடு கல்முனையிலோ களுவாஞ்சிக்குடியிலோ வைத்தியரிடம் செல்பவருக்கு முதலில் எடுக்கப்படுவது பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். பித்தக்கான் விரிந்திருப்பதை அது காட்டும். ஆனால் சதையி எனப்படும் கணையம் இரைப்பைக்குப் பின்னால் கிடப்பதாலும், குடல் வாயு அதை மறைப்பதாலும், அறிக்கையில் 'சதையி சரியாகத் தெரியவில்லை' என்றிருந்தால் அதை 'நோய் இல்லை' என்று வாசித்துவிடக் கூடாது. கீழ்காய்நெல்லிச் சாறு குடித்து மஞ்சள் இறங்கட்டும் என்று காத்திருப்பதும் இங்கே உதவாது.

நிலையை நிர்ணயிக்கும் பிரதான படம் சீ.ரி. ஸ்கேன். சாதாரண வயிற்று சீ.ரி. பல வேளைகளில் போதாது என்பதால், சதையிக்கென வகுத்த முறையில் எடுக்கப்படுகிறதா என்று கேளுங்கள். அம்முறையில் சாயமருந்து ஏற்றி ஏறக்குறைய 40–50 செக்கன்களில் ஒரு தடவையும் 65–70 செக்கன்களில் மறு தடவையும், 3 மில்லிமீற்றருக்கு மேற்படாத மெல்லிய வெட்டுகளாகப் படமெடுப்பார்கள். முதற் கட்டத்தில் சதையி பிரகாசிக்க, அதனுள் கட்டி மங்கலாகப் பிரிந்து தெரியும். அடுத்த கட்டத்தில் நாளங்களும் ஈரலுக்குப் பரவிய இடங்களும் தெளிவாகும். நெஞ்சையும் சேர்த்து எடுப்பது வழக்கம்.

சிறுநீரகத்தின் செயற்பாட்டைக் காட்டும் கிரியேற்றினின் இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கொண்டு செல்லுங்கள். முன்னர் சாயமருந்துக்கு ஒவ்வாமை ஏற்பட்டிருந்தாலும் நீரிழிவுக்கான மெற்போமின் மாத்திரை பாவித்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அடைபட்ட பித்தக்கானில் பித்தம் வடிய ஸ்டென்ட் எனும் சிறு குழாய் வைப்பதாயின், இயன்றவரை அதற்கு முன்பே இந்த சீ.ரி. முடிந்திருக்க வேண்டும். ஸ்டென்டின் நிழலும், அதை வைத்த பின் வரக்கூடிய சதையி அழற்சியும் கட்டியின் எல்லையைக் குழப்பிவிடும். காய்ச்சலும் நடுக்கமும் இருந்தால் விடயம் வேறு; கிருமித் தொற்றுக்காக உடனடியாகப் பித்தத்தை வடிய விட வேண்டியிருக்கும்.

கட்டி எத்தனை சென்ரிமீற்றர் என்பதையே உறவினர் முதலில் கேட்பார்கள். அளவுக்கு இடமுண்டுதான்: அறிக்கையில் கட்டியின் அளவைக் குறிக்கும் குறியீடாக 2 சென்ரிமீற்றர் வரை ரி1 (T1), 4 வரை ரி2, அதற்கு மேல் ரி3 என்று எழுதுவார்கள். ஆனால் சத்திரசிகிச்சை நிபுணர் தேடுவது, கட்டி அருகிலுள்ள பெரிய இரத்தக்குழாய்களை எவ்வளவு தொடுகிறது என்பதை. குடலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் பிரதான நாடியின் சுற்றளவில் 180 பாகை வரை கட்டி ஒட்டியிருந்தால் அது எல்லைக்கோட்டு நிலை, அதாவது அகற்ற முடியுமா முடியாதா என்ற விளிம்பில் உள்ள நிலை; அதற்கு மேற்பட்டால் பொதுவாக முதலில் அகற்ற முடியாத நிலை. நாளங்களில் ஓரளவு தொடுகை இருந்தாலும், வெட்டி மீள இணைக்க முடிந்தால் வழி இருக்கிறது. ஈரலிலோ நுரையீரலிலோ பரவியிருந்தால் கட்டியின் அளவு எதுவாயினும் அது நான்காம் நிலை.

ஈரலில் ஐயமான புள்ளி தெரிந்தால் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். சிறிய கட்டியைக் காணவும் திசு மாதிரி எடுக்கவும் வாய்வழி செலுத்தும் உள்நோக்கி அல்ட்ராசவுண்ட் பயன்படும். வயிற்றறை உறையில் சிதறிய மிகச் சிறிய படிவுகள் எந்தப் படத்திலும் தப்பிவிடக்கூடும் என்பதால், சிலருக்கு முதலில் லப்பரஸ்கோப்பி, அதாவது சிறு துளை வழியே வயிற்றுக்குள் கமரா செலுத்தும் பரிசோதனை, செய்து பார்ப்பார்கள்.

மட்டக்களப்பிலிருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பப்படுபவர் அறிக்கைத் தாளை மட்டும் கொண்டு போவது போதாது. படங்கள் பதிந்த சீடியும் வேண்டும், ஏனெனில் 180 பாகை என்பதை நிபுணர் தாமே அளந்து பார்ப்பார். படம் எடுத்து ஏறத்தாழ 4 வாரங்கள் கடந்திருந்தால் சத்திரசிகிச்சைக்கு முன் மீண்டும் எடுக்கச் சொல்வார்கள். கீமோதெரபிக்குப் பின்னரான படத்தில், இறந்த கட்டியின் தழும்பும் உயிருள்ள கட்டியும் ஒன்றுபோலவே தெரியலாம். ஆகையால் அப்போது முதல் சீடியையும் உடன் வைத்து ஒப்பிடுவார்கள்.