லாக் அவுட் கொடுத்தும் வெளியேறாத டொமைன் அக்கவுண்ட்: எங்கே மாட்டியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

கல்லூரி லேப், அலுவலகம் என்று எல்லோருடைய அக்கவுண்ட்டும் ஒரே சர்வரில் இருக்கும் இடங்களில் மூன்று புகார்கள் திரும்பத் திரும்ப வரும். "சார், சைன் அவுட் கொடுத்தேன், வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு." "நேத்து சேமிச்ச ஃபைல் எதுவும் டெஸ்க்டாப்ல இல்ல." "பாஸ்வேர்டை மாத்தினேன், அன்னையிலிருந்து அக்கவுண்ட் தானா லாக் ஆகுது." கேட்பதற்கு வேறு வேறாக இருந்தாலும், பல நேரங்களில் மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: அந்த அக்கவுண்ட் எங்கோ ஓரிடத்திலிருந்து முழுதாக வெளியேறவில்லை.

விண்டோஸ் 10, 11 கணினிகளும் ஆக்டிவ் டைரக்டரி டொமைனும் (எல்லா அக்கவுண்ட்டுகளையும் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் ஏற்பாடு) உள்ள இடத்தை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். அட்மின் வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் வரிசையாகச் செய்து பார்க்கலாம். ஒன்றே ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வட்டம் சுற்றுகிறதே என்று பவர் பட்டனை அழுத்திப் பிடிக்காதீர்கள். ரோமிங் ப்ரொஃபைல் (எந்தக் கணினியில் நுழைந்தாலும் கூடவே வரும்படி, பயனரின் ஃபைல்களையும் அமைப்புகளையும் சர்வரில் வைப்பது) உள்ளவர்களுக்கு அந்த நேரத்தில்தான் ஃபைல்கள் சர்வருக்குப் போய்க்கொண்டிருக்கும். பாதியில் அணைத்தால் ப்ரொஃபைலே கெட்டுப்போகலாம்.

லாக் அவுட்டில் என்னதான் நடக்கிறது?

சைன் அவுட் கொடுத்ததும் முதலில் திறந்திருக்கும் எல்லா ஆப்களுக்கும் "மூடிக்கொள்" என்று செய்தி போகிறது. அப்புறம் குரூப் பாலிசியில் (எல்லாக் கணினிகளுக்கும் அட்மின் ஒரே இடத்திலிருந்து வைக்கும் விதிகள்) லாக் ஆஃப் ஸ்கிரிப்ட், அதாவது வெளியேறும்போது தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு, ஏதாவது இருந்தால் அது ஓடும். அதன் பிறகு பயனரின் ரெஜிஸ்ட்ரி, அதாவது அவருடைய அமைப்புகள் உள்ள ‘என்டியூசர்.டாட்’ என்ற ஃபைல், பயன்பாட்டிலிருந்து இறக்கி வைக்கப்படும். ரோமிங் ப்ரொஃபைல் என்றால் மாறிய ஃபைல்கள் சர்வருக்கு நகலாகும். கடைசியில்தான் செஷன், அதாவது அவர் உள்ளே இருக்கும் அமர்வு, முடியும். இதில் எந்தக் கட்டத்தில் நின்றது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

படி 1: திரையில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

ஏதாவது ஒரு ஆப் லாக் அவுட்டைத் தடுக்கிறது என்றால் அதன் பெயரைத் திரையே காட்டும். சேமிக்காத வேர்ட் ஃபைலாகத்தான் பெரும்பாலும் இருக்கும். திரும்பிப் போய்ச் சேமித்து மூடச் சொல்லுங்கள், தீர்ந்தது.

வெறும் வட்டம் மட்டும் சுற்றினால், அந்தக் கணினிகளுக்கு ஒரு குரூப் பாலிசியை இயக்கிவிடுங்கள். கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷனில் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், அதற்குள் சிஸ்டம், அங்கே ‘டிஸ்ப்ளே ஹைலி டீடெயில்ட் ஸ்டேட்டஸ் மெசேஜஸ்’. இதற்குப் பிறகு லாக் அவுட்டின்போது விண்டோஸ் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைத் திரையிலேயே விரிவாகச் சொல்லும். லேப் கணினிகளில் இதை நிரந்தரமாகவே வைத்துவிடலாம் என்பது என் கருத்து.

நேரத்தையும் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் சுமார் 10 நிமிடம் நின்று பிறகு வெளியேறுகிறது என்றால் முதல் சந்தேகம் ஸ்கிரிப்ட் மேல்தான். குரூப் பாலிசி ஸ்கிரிப்டுக்கு விண்டோஸ் காத்திருக்கும் நேரம், நாம் மாற்றாதவரை, 600 விநாடி. எப்போதோ எடுத்துப்போட்ட பழைய சர்வரின் பெயர் அந்த ஸ்கிரிப்டில் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 2: அந்த அக்கவுண்ட் இன்னும் எங்கெல்லாம் இருக்கிறது?

சந்தேகப்படும் கணினியில் அட்மினாக நுழைந்து டாஸ்க் மேனேஜரைத் திறந்து ‘யூசர்ஸ்’ பக்கத்துக்குப் போங்கள். பயனரின் பெயருக்குப் பக்கத்தில் ‘டிஸ்கனெக்டட்’ என்று இருந்தால் அவர் வெளியேறவில்லை, விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று பொருள். ரிமோட் டெஸ்க்டாப்பில் இது ரொம்பச் சகஜம். மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் ஜன்னல்தான் மூடும். செஷன் சர்வரில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

ஃபைல் சர்வரையும் பார்க்க வேண்டும். அங்கே ‘கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்’ திறந்து, ‘ஷேர்டு ஃபோல்டர்ஸ்’ கீழே ‘செஷன்ஸ்’ பாருங்கள். யார், எந்தக் கணினியிலிருந்து, எத்தனை ஃபைல்களைத் திறந்து வைத்திருக்கிறார், எவ்வளவு நேரமாகச் சும்மா இருக்கிறார் என்று எல்லாம் இருக்கும். ‘ஓப்பன் ஃபைல்ஸ்’ பட்டியலில் அவருடைய என்டியூசர்.டாட் திறந்திருந்தால் எந்தக் கணினி அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். லாக் அவுட் ஆன உடனே பார்த்துப் பதற வேண்டாம்; ஃபைல் எதுவும் திறக்காத இணைப்பு கொஞ்ச நேரம் பட்டியலில் இருந்துவிட்டுத் தானாகப் போய்விடும்.

மூன்றாவது புகார், அதாவது தானாக லாக் ஆகும் அக்கவுண்ட், இந்தப் படியில்தான் பிடிபடும். பழைய பாஸ்வேர்டோடு எங்கோ ஒரு செஷன் உயிரோடு இருந்து, ஷேர் ஃபோல்டரைத் திறக்க மீண்டும் மீண்டும் முயன்றுகொண்டிருக்கும். டொமைன் கன்ட்ரோலரின் (அக்கவுண்ட்டுகளையும் பாஸ்வேர்டுகளையும் சரிபார்க்கும் சர்வர்) செக்யூரிட்டி லாகில் 4740 என்ற நிகழ்வு எண்ணைத் தேடுங்கள். எந்தக் கணினியால் அக்கவுண்ட் பூட்டப்பட்டது என்று அதில் பெயரோடு இருக்கும். அந்தக் கணினியில் உள்ள செஷனை முடிக்காமல் அக்கவுண்ட்டை எத்தனை முறை அன்லாக் செய்தாலும் மறுபடி பூட்டிக்கொள்ளும்.

படி 3: ஈவன்ட் வியூவரில் நான்கு எண்கள்

பயனரின் கணினியில் ஈவன்ட் வியூவரை (விண்டோஸ் எழுதி வைக்கும் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் கருவி) திறந்து, ‘விண்டோஸ் லாக்ஸ்’ கீழே ‘அப்ளிகேஷன்’ போங்கள். ‘யூசர் ப்ரொஃபைல் சர்வீஸ்’ எழுதியவற்றை மட்டும் வடிகட்டிக்கொள்ளுங்கள்.

1530 இருந்தால், லாக் அவுட்டின்போது வேறு ஏதோ ஒரு ப்ரோக்ராம் பயனரின் ரெஜிஸ்ட்ரியை விடாமல் பிடித்திருந்தது. விவரத்தில் அந்த ப்ரோக்ராமின் முழுப் பாதையும் வரும். அது பிரிண்டர் டிரைவராகவோ ஆன்டிவைரஸாகவோ இருந்தால் புதிய பதிப்பைப் போட்டுப் பாருங்கள். ஆனால் இது வெறும் எச்சரிக்கைதான். விண்டோஸே வலுக்கட்டாயமாக ரெஜிஸ்ட்ரியை இறக்கிவிடும். பயனருக்கு வேறு தொல்லை இல்லையென்றால் இந்த எண்ணைத் துரத்திக்கொண்டு ஒரு நாளை வீணாக்க வேண்டாம்.

1504, ரோமிங் ப்ரொஃபைல் முழுதாகச் சர்வருக்குப் போகவில்லை என்கிறது. இதை விடக்கூடாது. அதற்கு முன்னால் 1509 இருக்கிறதா பாருங்கள். எந்த ஃபைல் நகலாகவில்லை என்று அதில் இருக்கும். சர்வரில் இடம் தீர்ந்தது, ஃபோல்டர் அனுமதி மாறியது, லேப்டாப்பில் வைஃபை முன்னதாகவே அறுந்தது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். டெஸ்க்டாப்பில் பெரிய வீடியோ ஃபைலைப் போட்டு வைத்திருப்பவர்களுக்கு அது நகலாகி முடிவதற்கே வெகுநேரம் ஆகும். இவர்களுக்குச் சரியான வழி டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் இரண்டையும் ‘ஃபோல்டர் ரீடைரக்ஷன்’ மூலம் நேரடியாகச் சர்வரிலேயே வைத்துவிடுவது. லாக் அவுட்டில் நகலெடுக்கும் வேலையே குறைந்துவிடும்.

1511 என்றால் அவசரம். அசல் ப்ரொஃபைல் கிடைக்காமல் தற்காலிக ப்ரொஃபைலில் உள்ளே விட்டிருக்கிறது. இரண்டாவது புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் விடை. அந்த டெஸ்க்டாப்பில் வைக்கும் ஃபைல்கள் லாக் அவுட் ஆனதும் அழிந்துவிடும். பயனர் இன்னும் உள்ளே இருந்தால், எதையும் செய்வதற்கு முன் அவர் இன்று உருவாக்கிய ஃபைல்களை ஒரு ஷேர் ஃபோல்டருக்கு நகலெடுக்கச் சொல்லுங்கள்.

படி 4: மாட்டியதை விடுவிப்பது

டாஸ்க் மேனேஜரின் ‘யூசர்ஸ்’ பக்கத்தில் பெயரை விரித்தால் அவருடைய ப்ரோக்ராம்கள் தெரியும். படி 3-இல் கிடைத்த பெயர் அங்கே இருந்தால் அதை மட்டும் முதலில் முடியுங்கள். அது போதாவிட்டால் பயனரின் பெயரில் வலது கிளிக் செய்து ‘சைன் ஆஃப்’ கொடுங்கள். சேமிக்காதது போய்விடும் என்பதால், முடிந்தவரை அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே செய்யுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள், ‘ஷட் டவுன்’ அல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸின் உட்பகுதி டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அப்படியே திரும்ப வரும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

தற்காலிக ப்ரொஃபைல் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் வந்தால், அந்தக் கணினியில் உள்ள பழைய நகலை நீக்க வேண்டியிருக்கும். முதலில் சர்வரில் உள்ள ப்ரொஃபைலின் தேதியைப் பாருங்கள். கணினியில் இருப்பது அதைவிடப் புதியதாக இருந்தால், ‘யூசர்ஸ்’ ஃபோல்டரிலிருந்து அதைத் தனியாக நகலெடுத்து வையுங்கள். பிறகு சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் ‘அட்வான்ஸ்டு’, அதில் ‘யூசர் ப்ரொஃபைல்ஸ்’ வழியாக நீக்குங்கள். எக்ஸ்ப்ளோரரில் ஃபோல்டரை மட்டும் அழித்தால் ரெஜிஸ்ட்ரியில் உள்ள பதிவு அப்படியே நின்று, மறுபடி தற்காலிக ப்ரொஃபைலிலேயே கொண்டுபோய் விடும்.

படி 5: மறுபடி வராமல்

ரிமோட் டெஸ்க்டாப் சர்வர்களில், விட்டுவிட்டுப் போன செஷன்களுக்குக் கால வரம்பு தானாக இருக்காது. நாம்தான் வைக்க வேண்டும். குரூப் பாலிசியில் ‘ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்’ கீழே ‘செஷன் டைம் லிமிட்ஸ்’, அங்கே டிஸ்கனெக்டட் செஷனுக்கான வரம்பை இயக்குங்கள். மதிய உணவுக்குப் போய் வருபவரின் வேலை பறிபோகாத அளவுக்கு, 2 அல்லது 3 மணி நேரம் கொடுக்கலாம். இயக்குவதற்கு முன் இரவில் நீண்ட நேரம் ரிப்போர்ட் ஓடவிடுபவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று அக்கவுண்ட்ஸ் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்களை மட்டும் தனிக் குழுவாக்கி விலக்கு கொடுத்துவிடலாம்.