காலையில் வருகிற கூட்டாளி

குடியை விட்டு 6 வருஷம் ஆகிறது. எப்படி விடுவது என்று டாக்டர் சொல்லிக் கொடுத்தார். விட்ட பிறகு சாயங்காலம் ஆறரைக்கு எங்கே போய் உட்காருவது, யாரோடு உட்காருவது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. தினமும் நிறையக் குடித்தவர் ஒரே நாளில் தானாக நிறுத்தக் கூடாது. கை நடுக்கத்தோடு போகாது. முதல் 2, 3 நாளுக்குள் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அரசாங்கக் கிளினிக்குக்குப் போய், எத்தனை போத்தல் என்று உள்ளதைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். நான் பாதிதான் சொன்னேன். டாக்டர் மனசுக்குள் இரண்டால் பெருக்கிக்கொண்டார் போல, மருந்து சரியாகவே இருந்தது.

நான் மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பிறையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். வீடு ஜெலுத்தோங் பக்கம் ஒரு ஃப்ளாட். 19 வருஷம் வேலை முடிந்ததும் பினாங்குப் பாலத்தைத் தாண்டி நேரே அந்தக் கடைதான். மோட்டாருக்கே வழி தெரியும். அதனால் முதல் மாதம் வழியை மாற்றினேன், கால் மணி நேரம் சுற்று. நாலரை மணிக்கு வேலை இடத்திலேயே இரண்டு கறிபாப் சாப்பிட ஆரம்பித்தேன். சிரிக்காதீர்கள். ஆறரைக்கு வருகிற ஆசையில் பாதி வெறும் பசிதான்.

இனி கூட்டாளிகள். "அவனுங்கள வெட்டி விடு" என்று எல்லாரும் சொல்வார்கள். என்னால் முடியவில்லை. என் அப்பா இறந்தபோது பெட்டியைத் தூக்கியவர்கள் அவர்கள்தான். ஆனால் எவன் எனக்குக் கூட்டாளி, எவன் போத்தலுக்குக் கூட்டாளி என்று எனக்கே தெரியாமல் இருந்தது. அதனால் 8 பேருக்கும் தனித்தனியாகப் போன் போட்டேன். "ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணிக்கு மாமாக் கடைக்கு வாடா, பசியாறலாம்." அவ்வளவுதான் சொன்னேன். குடியை விட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

4 பேர் சிரித்தார்கள். 2 பேர் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார்கள். ஒருவன் பத்து மணிக்கு, முந்தின ராத்திரி வாசனையோடு வந்தான். ஒருவன் மட்டும் ஏழு ஐம்பதுக்கே தலையை ஈரமாக வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தான். பேச எங்களுக்கு ஒன்றும் இல்லை. இருபது நிமிஷம் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் அவன் மகளைப் பற்றிச் சொன்னான். 12 வருஷம் சேர்ந்து குடித்திருக்கிறேன், அந்தப் பிள்ளை எந்த ஃபாரம் படிக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவன் இன்னும் குடிக்கிறான். என் முன்னால் குடிப்பதில்லை. இப்போதும் ஞாயிறு என்றால் அதே கடை, பால் இல்லாத டீ, இரண்டு தே ஓ.

நீங்களும் செய்து பாருங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் கூப்பிடாதீர்கள். ஒருவன் கிண்டல் செய்தால் மற்றவனும் சேர்ந்துகொள்வான், வர நினைத்தவனும் வெட்கப்பட்டு வர மாட்டான்.

பழைய ஆட்கள் மட்டும் போதாது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிகாரர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருந்து ஆரம்பித்தது. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் கிடையாது, முழுப் பெயர் சொல்லத் தேவையில்லை, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும். பின்வரிசையில் ஒளிந்துகொள்ளலாம் என்று போனேன். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு வைத்திருந்தார்கள். பேச்செல்லாம் இங்கிலீஷ். எனக்கு வராது என்றதும் பக்கத்தில் இருந்த சீன அங்கிள் மலாயில் பேச ஆரம்பித்தார்.

அவர் நம்பரை வாங்கி வைத்தேன். இங்கே ஒரு தந்திரம்: ஆசை வந்த பிறகுதான் கூப்பிடுவேன் என்று இருந்தால் கை எழும்பாது. ஒன்றும் இல்லாத நாளில் கூப்பிட்டுப் பழகுங்கள். "அங்க மழையா அங்கிள்?" என்று கேட்டாலும் போதும். நம்பர் வாங்க ஆளே இல்லை, ராத்திரி இரண்டு மணி என்றால், மனசு கஷ்டத்தில் இருப்பவர்கள் பேசுவதைக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பில் 24 மணி நேரமும் போன் எடுக்கிறார்கள்: 03-7627 2929.

நாலாவது மாதம் நான் விழுந்தேன். சொந்தத்தில் ஓர் இழவு. ராத்திரி முழுக்கக் கூடாரத்துக்குப் பின்னால் சும்மா நின்றிருந்தேன், கையில் ஒரு கப்பைத் திணித்தார்கள், குடித்தேன். காலையில் அங்கிளுக்குப் போன் போட்டு அழுதேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "சுடா மாக்கான்?" என்றார். சாப்பிட்டாயா என்று. திட்டவில்லை, அறிவுரை சொல்லவில்லை.

அதிலிருந்து எந்த விசேஷத்துக்கும் வேலை இல்லாமல் நான் போவதில்லை. கோயில் கல்யாணம் என்றால் பந்தியில் சாம்பார் வாளி என்னுடையது. ஒரு கையில் வாளி, மறு கையில் கரண்டி. கிளாஸை எங்கே நீட்டுவான்? ராத்திரி விருந்துதான் கஷ்டம். ஆபத்து மண்டபத்துக்குள் இல்லை, கார் நிறுத்தும் இடத்தில். யாராவது ஒருவர் காடி பூட் திறந்திருக்கும், உள்ளே ஐஸ் பெட்டி இருக்கும். அதனால் சொந்த மோட்டாரில் போங்கள். அடுத்தவர் காடியில் போனால் அவர் கிளம்பும் வரை அந்த பூட் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். மாத்திரை சாப்பிடுகிறேன் என்று பொய் சொல்லாதீர்கள், அடுத்த வாரம் "கோர்ஸ் முடிஞ்சுதா மச்சான்?" என்று வருவான். "வேணாம் மச்சான், விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு நகருங்கள். நின்று விளக்கம் கொடுத்தால் அது பேரம் ஆகிவிடும்.

உங்களைக் குடிகாரனாகப் பார்த்தே இராத ஆட்களும் கொஞ்சம் வேண்டும். சனிக்கிழமை காலையில் பூந்தோட்டத்து (பொட்டானிக் கார்டன்) பக்கமிருந்து பினாங்கு மலைக்கு ஏறும் ஜீப் பாதையில் நடக்கிறேன், மேலே வரை 5 கிலோமீட்டர் இருக்கும். அங்கே நான் கடலை கொண்டு வருகிற ஆள், அவ்வளவுதான்.

அப்புறம் தைப்பூசம். முருகன் கோயில் இருக்கிற தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல்கள். நடுராத்திரி ஷிஃப்டுக்கு எந்தப் பந்தலிலும் ஆள் பத்தாது. ஒரு மாதம் முன்னாலேயே கேட்டு வையுங்கள். "19 வருஷம் தண்ணியில கெடந்தவரு தண்ணீர்மலைக்குப் போய்த் தண்ணி ஊத்தறாரு" என்று என் மனைவி ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். சிரப் கலக்கும் வேலையை வாங்காதீர்கள், சட்டையெல்லாம் சிவப்பாகிவிடும். ஐஸ் உடைப்பது நல்லது. போன தடவை விடிகாலை மூன்று மணிக்கு என் ஞாயிற்றுக்கிழமைக்காரன் வந்தான். இரண்டு கப் மோர் குடித்தான், மேசையைச் சுற்றி உள்ளே வந்து, கேட்காமலே சுத்தியலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

தடித்த செருப்பாகப் போட்டுப் போங்கள். உடைத்த தேங்காய்ச் சிரட்டை ரோடெல்லாம் கிடக்கும்.